தயிருக்குள் ஆயுளைத் தேடியவர்: குடல் பாக்டீரியாவோடு மல்லுக்கட்டிய மெச்னிகோவின் கதை

சூப்பர் மார்க்கெட் ஃபிரிட்ஜ்ல தயிர் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே குட்டிக் குட்டி பாட்டில்ல புரோபயாடிக் பானங்களை அடுக்கி வெச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியான்னு பேசுறதும் இப்போ வீட்டுக்கு வீடு சகஜம். இந்தப் பேச்சை சுமார் 120 வருஷத்துக்கு முன்னாடியே பாரிஸில் பிரபலமாக்கியவர் ஒரு ரஷ்ய விஞ்ஞானி. பெயர், இலியா மெச்னிகோவ். பிரான்ஸ்ல அவரை எலீன்னு கூப்பிட்டாங்க. (நம்ம ஊர் எலி இல்லீங்க!)

உடம்பில் அழற்சி, அதாவது இன்ஃப்ளமேஷன், எதுக்காக வருதுன்னு சரியாகப் பிடித்து, அந்த வழியில் நோபல் பரிசு வரைக்கும் போனவர் இவர். அதே மனிதர்தான் பின்னாளில் குடல் பாக்டீரியாக்கள் மேல் பெரிய பழியைப் போட்டார். அவர் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. எது தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டா, குடல் நல்லா இருக்க உங்க தட்டுல என்ன இருக்கணும்ங்கிறது தானாகவே புரிஞ்சுடும்.

ரெண்டு முறை சாகத் துணிந்தவர்

1845-ல், இன்றைய உக்ரைனில் இருக்கும் கார்கிவ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார் மெச்னிகோவ். அப்போது அது ரஷ்யப் பேரரசு. படிப்பில் புலி. நாலு வருஷப் பட்டப்படிப்பை ரெண்டே வருஷத்தில் முடித்துவிட்டு, கடல்வாழ் உயிரினங்களை ஆராய ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். இருபதுகளின் தொடக்கத்திலேயே ஒடெசா பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

வாழ்க்கை மட்டும் அவருக்கு அவ்வளவு சுலபமாக அமையல. 1869-ல் லுட்மிலா என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். மணப்பெண்ணுக்குக் காசநோய். தேவாலயத்துக்கு நடந்து வரக்கூடத் தெம்பில்லாமல், நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மனைவியைப் பிழைக்க வைக்க, வெயில் இருக்கிற ஊராகத் தேடித் தேடி அழைத்துப் போனார். நாலு வருஷம் போராடியும் பலனில்லை. 1873-ல் மடெய்ரா தீவில் லுட்மிலா இறந்துபோனார். மனசு உடைந்த மெச்னிகோவ் தன் உயிரையும் மாய்த்துக்கொள்ள முயன்று, தப்பினார்.

1875-ல் ஓல்கா அவர் வாழ்க்கைக்குள் வந்தார். இந்த முறையும் சோதனை விடல. 1880-ல் ஓல்காவுக்கு டைஃபாய்டு வந்து உயிர் ஊசலாடியது. ஓல்கா பிழைத்தார். ஆனா, மெச்னிகோவ் மறுபடியும் இருட்டுக்குள் போய்விட்டார். 1881-ல், விட்டு விட்டு வரும் ஒரு வகைக் காய்ச்சல் ரத்தத்தின் மூலம் பரவுமா என்று பார்க்க, நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பில் தானே ஏற்றிக்கொண்டார். செத்தால் ஆராய்ச்சிக்காகவாவது செத்ததாக இருக்கட்டும் என்கிற மனநிலை. காய்ச்சல் கடுமையாக வந்தது. அதிலிருந்தும் மீண்டார்.

அதே 1881-ல் அவருடைய அண்ணன் இவானும் இறந்தார். டால்ஸ்டாய் எழுதிய 'இவான் இலியிச்சின் மரணம்' நாவலுக்கு முன்மாதிரி இந்த அண்ணன்தான். சாவு அந்தக் குடும்பத்தின் வாசலிலேயே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. முதுமையையும் மரணத்தையும் பற்றிய கேள்வி, கடைசி வரைக்கும் மெச்னிகோவை விடவே இல்ல. பின்னாளில் அவர் தயிர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்ததற்கும் இந்தக் கேள்விதான் காரணம்.

ரோஜா முள்ளும் நட்சத்திர மீனும்

1882-ல் அரசியல் கெடுபிடி தாங்காமல் பல்கலைக்கழக வேலையை உதறினார். ஓல்காவையும் அவருடைய தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு இத்தாலியின் மெஸ்ஸினா நகரத்துக்குப் போனார். கடலோரம் ஒரு வீடு. வரவேற்பறையிலேயே ஆய்வுக்கூடம்.

ஒருநாள் வீட்டில் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தார்கள். மெச்னிகோவ் மட்டும் மைக்ராஸ்கோப் முன்னாடி உட்கார்ந்து, கண்ணாடி மாதிரி இருக்கும் நட்சத்திர மீனின் லார்வாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சில செல்கள் அங்குமிங்கும் ஊர்ந்து போறது தெரிந்தது. சட்டென்று ஒரு யோசனை. வெளியிலிருந்து ஏதாவது உள்ளே குத்தினால், இந்தச் செல்கள் ஓடிவந்து அதைச் சுத்தி வளைக்குமோ?

தோட்டத்துக்குப் போய் ரோஜா முட்களைப் பிடுங்கிவந்து லார்வாவின் தோலுக்கு அடியில் குத்தி வைத்தார். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரல. காலையில் பார்த்தால், நினைத்தது அப்படியே நடந்திருந்தது. முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக்கிடந்தன.

இதில் என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். விரல்ல முள் குத்தினா அந்த இடம் சிவக்குது, வீங்குது, சீழ் வைக்குது இல்லையா? அதுதான் அழற்சி. சீழில் நிறைய வெள்ளை அணுக்கள் இருக்கும்னு அப்போதே தெரியும். ஆனா, அந்த அணுக்கள்தான் கிருமிகளைத் தூக்கிக்கொண்டு போய் உடம்பு முழுக்கப் பரப்புகின்றன என்றுகூடப் பல மருத்துவர்கள் நினைத்தார்கள். மெச்னிகோவ் அதைத் தலைகீழாகப் புரட்டினார். அழற்சி என்பது உடம்பு நடத்தும் பாதுகாப்புப் போர். வெள்ளை அணுக்கள்தான் சிப்பாய்கள். அவை கிருமிகளைப் பிடித்து விழுங்கிவிடுகின்றன. விழுங்கும் அந்தச் செல்களுக்கு ஃபேகோசைட் என்று பெயர் வந்தது.

1888-ல் லூயி பாஸ்டர் தன்னுடைய பாரிஸ் நிறுவனத்தில் அவருக்கு ஒரு ஆய்வுக்கூடம் கொடுத்தார். அடுத்த 28 வருஷம், சாகும் வரைக்கும், அவருக்கு அதுதான் வீடு மாதிரி. அழற்சியைப் பற்றி அவர் அங்கே ஆற்றிய உரைகள் 1892-ல் புத்தகமாக வந்தன. 1908-ல் ஜெர்மனியின் பால் எர்லிக்கோடு சேர்த்து அவருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது.

சிப்பாய்களே வீட்டை இடித்தால்?

வயசு ஐம்பதைத் தாண்டியதும் அவருக்கு வேறொரு சந்தேகம் வந்தது. கிருமியைத் தின்னும் சிப்பாய்கள், ஏன் ஒரு கட்டத்தில் சொந்த உடம்பையே தின்ன ஆரம்பிக்குது? முடி நரைப்பதுகூட ஃபேகோசைட்கள் முடியின் நிறத்தைத் தின்பதால்தான் என்று நம்பினார். மூளை, ரத்தக்குழாய்கள் தேய்வதற்கும் இவைதான் காரணம் என்றார். முதுமையே, ஓயாமல் நடக்கும் உள்வீட்டுச் சண்டை என்பது அவர் எண்ணம்.

சரி, அந்தச் சண்டையை மூட்டிவிடுவது யார்? அவர் விரலை நீட்டிய இடம், பெருங்குடல். அங்கே கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நாம சாப்பிடுறதுல, குறிப்பா இறைச்சி மாதிரி புரதத்துல மிச்சமாவது அங்கே போய் அழுகுது. அதிலிருந்து நச்சு உருவாகி ரத்தத்தில் கலந்து, உடம்பைத் துளித்துளியாகக் கெடுக்கிறது. பெருங்குடலே மனிதனுக்குத் தேவையில்லாத பழைய மிச்சம் என்கிற அளவுக்குப் போனார்.

அப்போதுதான் பல்கேரியாவிலிருந்து ஒரு தகவல். அங்கே கிராமங்களில் நூறு வயசைத் தாண்டியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய தினசரிச் சாப்பாட்டில் புளித்த பால் இருக்கிறது என்றார்கள். மெச்னிகோவ் கணக்குப் போட்டார். பால் புளித்தால் அமிலம் வருது. அமிலத்துல பால் அழுகுறதில்ல. அப்போ, அந்தப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவைக் குடலுக்குள் அனுப்பினால், அழுக வைக்கும் பாக்டீரியாவை அது அடக்கிவிடும் அல்லவா?

1904-ல் பாரிஸில் முதுமையைப் பற்றி ஒரு பொதுக்கூட்டத்தில் இதைப் பேசினார். அவ்வளவுதான், ஊரெல்லாம் தயிர்ப் பைத்தியம் பிடித்தது. மறுவருஷம், ஜெனீவாவில் இருந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய இளைஞர், தன் நாட்டுத் தயிரில் இருந்த பாக்டீரியாவை அடையாளம் கண்டார். மருந்துக்கடைகளில் பாக்டீரியா மாத்திரையும் தயிரும் விற்பனைக்கு வந்தன. மெச்னிகோவ் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். தினமும் புளித்த பால். பச்சையாக எதையும் தொடமாட்டார். பழத்தைக்கூடக் கொதிநீர் காட்டித்தான் சாப்பிடுவார்.

வாழவே பிடிக்காமல் ரெண்டு முறை சாவைத் தேடிப் போன அதே மனிதர், இப்போது மனித வாழ்வை நீட்டிப்பது பற்றி நம்பிக்கையோடு புத்தகம் எழுதினார். 1907-ல் அது வெளிவந்தது. நல்லா வாழ்ந்து முடித்த மனிதனுக்கு, நாள் முழுக்க உழைத்தவனுக்குத் தூக்கம் வருவது மாதிரி மரணம் இயல்பாக வரும், பயம் இருக்காது என்பது அவர் வாதம்.

கத்தியை எடுத்த டாக்டர்கள்

இந்தக் கதையில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. குடலுக்குள்ளிருந்து வரும் நச்சுதான் எல்லா நோய்க்கும் காரணம் என்ற எண்ணம் மருத்துவ உலகத்தையே பிடித்து ஆட்டிய காலம் அது. லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர், நாள்பட்ட மலச்சிக்கல் என்று வந்தவர்களுக்குப் பெருங்குடலையே வெட்டி எடுக்க ஆரம்பித்தார். மெச்னிகோவ் சொன்ன வழி தயிர்தான், கத்தி இல்ல. ஆனாலும், பெருங்குடல் வேண்டாத உறுப்பு என்று ஒரு பெரிய விஞ்ஞானி சொல்லும்போது, அது எங்கெல்லாம் போய் முடியும் பாருங்க.

முதல் உலகப்போர் வந்தது. பாஸ்டர் நிறுவனத்தின் இளம் விஞ்ஞானிகள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். இடம் வெறிச்சோடியது. மெச்னிகோவின் இதயமும் பலவீனமானது. 1916 ஜூலை 15 அன்று, 71 வயசில், அந்த நிறுவன வளாகத்திலேயே இறந்தார். இறப்பதற்கு முன் மருத்துவ நண்பர் ஒருவரிடம், தன் உடலைப் பரிசோதிக்கும்போது குடலை நல்லா கவனித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். அவருடைய அஸ்திக் கலசம் பாஸ்டர் நிறுவன நூலகத்தில் இன்னும் இருக்கிறது.

நூறு வயசு வாழலாம்னு சொன்னவர் 71-லேயே போயிட்டாரேன்னு கிண்டல் பண்ணியவர்கள் உண்டு. ஆனா, அவர் வீட்டில் அண்ணன்கள் எல்லாரும் அதைவிடக் குறைந்த வயசிலேயே போனவர்கள். தான் இவ்வளவு நாள் வாழ்ந்ததற்கே தயிரும் ஒரு காரணம் என்றுதான் அவர் நம்பினார்.

அவர் போட்ட விதை முளைத்தது. 1919-ல் பார்சிலோனாவில் ஐசக் கராசோ என்பவர் மருந்துக்கடைகள் மூலமாகத் தயிர் விற்க ஆரம்பித்தார். அதுதான் இன்றைய டானோன். 1930-களில் ஜப்பானில் மினோரு ஷிரோட்டா உருவாக்கியது யாகுல்ட்.

எது சரி, எது தப்பு?

முதல் அடி சீக்கிரமே விழுந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லியோ ரெட்கர் குழு 1921-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பல்கேரியத் தயிர் பாக்டீரியா மனிதக் குடலில் தங்கிக் குடித்தனம் நடத்துவதில்லை. வந்த வழியே போய்விடுகிறது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பாலில் இருக்கும் லாக்டோஸ் மாதிரியான சில மாவு, சர்க்கரைப் பொருட்களை நிறையக் கொடுத்தபோது, குடலில் ஏற்கெனவே இருந்த பாக்டீரியாக்களின் விகிதமே மாறியது. அதாவது, வெளியிலிருந்து ஆளை இறக்குவதைவிட, உள்ளே இருப்பவர்களுக்கு என்ன சாப்பாடு போடுறோம் என்பதுதான் முக்கியம்.

அவருடைய பெரிய தப்பு இங்கேதான் இருக்கு. பெருங்குடலை அவர் குப்பைத்தொட்டியா பார்த்தார். உண்மையில் அது ஒரு சமையல்கூடம். நாம ஜீரணிக்க முடியாத நார்ச்சத்து அங்கே போனதும், பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து பியூட்டிரேட் மாதிரியான கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கின்றன. பெருங்குடல் சுவரில் இருக்கும் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே இந்த பியூட்டிரேட்தான். சுவரை இறுக்கமாக வைப்பதும், மெச்னிகோவ் கண்டுபிடித்த அந்தச் சிப்பாய்களைத் தேவையில்லாமல் சண்டைக்குப் போகவிடாமல் அமைதிப்படுத்துவதும் இதுதான்.

நார்ச்சத்து வரலைன்னா என்ன ஆகும்? 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், மனிதக் குடல் பாக்டீரியாக்களை எலிகளுக்குள் வைத்து, நார்ச்சத்தே இல்லாத தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். பசித்த பாக்டீரியாக்கள் குடல் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தையே தின்ன ஆரம்பித்தன. படலம் மெலிந்ததும் நோய்க்கிருமிக்குச் சுவரை நெருங்குவது சுலபமாகிவிட்டது. 2015-ல் நடந்த இன்னோர் எலி ஆய்வில், பாக்கெட் உணவுகளில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் எமல்சிஃபையர்களில் ரெண்டு, குடல் பாக்டீரியாக்களைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து லேசான அழற்சியை உண்டாக்கின.

கிரோன் நோய், அல்சரேடிவ் கொலைடிஸ் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீங்க. குடலில் அழற்சி அடங்காமல் தொடரும் நோய்கள் இவை. பரம்பரை, நோய் எதிர்ப்பு மண்டலம், சுற்றுச்சூழல், குடல் பாக்டீரியா என எல்லாம் சேர்ந்து உண்டாக்குபவை. கிரோன் நோயாளிகள் பலரின் குடலில் பியூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் குறைவாக இருப்பது தெரியவந்திருக்கிறது. இந்த நோய் வந்த குழந்தைகளுக்கு, ஆறு முதல் எட்டு வாரம் வழக்கமான சாப்பாட்டை நிறுத்திவிட்டு, மருத்துவ மேற்பார்வையில் திரவ உணவு மட்டும் கொடுத்தே அழற்சியைத் தணிக்கும் சிகிச்சையும் நடைமுறையில் இருக்கிறது. உணவுக்கும் குடல் அழற்சிக்கும் இருக்கும் உறவை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அதனால, குடல் பாக்டீரியாவுக்கும் அழற்சிக்கும் தொடர்பு இருக்குன்னு மெச்னிகோவ் சொன்னது சரி. சாப்பாட்டால் அதை மாற்றலாம் என்றதும் சரி. பாக்டீரியாவை எதிரியாக நினைத்ததுதான் சறுக்கல்.

தயிருக்கு என்ன தீர்ப்பு?

தயிர் தோத்துடுச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க. 2021-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 பேரை ரெண்டு குழுவாகப் பிரித்து, 10 வாரம் உணவை மாற்றிப் பார்த்தார்கள். தயிர், கெஃபிர், கிம்ச்சி மாதிரி புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் கூடின. ரத்தத்தில் அழற்சியோடு தொடர்புடைய 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்தைக் கூட்டிய குழுவில் அந்த 19 புரதங்களும் அப்படிக் குறையவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனா, தயிர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த தாடிக்காரரை முழுசா ஒதுக்கிட முடியாதுன்னு காட்டுது.

இதுலேருந்து நீங்க எடுத்துக்க வேண்டியது ரொம்பச் சிம்பிள்.

காய்கறி, கீரை, பருப்பு, பயறு, முழு தானியம், பழம்னு விதவிதமா சாப்பிடுங்க. ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் ஒவ்வொரு நார்ச்சத்து பிடிக்கும். ஒரே காயைத் தினமும் சாப்பிடுவதைவிட மாற்றி மாற்றிச் சாப்பிடுவது நல்லது. நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்புசம் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க, தண்ணியும் நல்லா குடிங்க.

தயிரைத் தினமும் சேர்த்துக்கோங்க. ஆனா, அதில் இருக்கும் பாக்டீரியா வந்து போகும் விருந்தாளிதான். பாக்கெட் நொறுக்குத்தீனியையும் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் ஒரு புரோபயாடிக் பாட்டிலால் கணக்கை நேர்செய்ய முடியாது.

மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது இதெல்லாம் இருந்தால் சாப்பாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் குடல் மருத்துவரைப் பாருங்க. ஏற்கெனவே கிரோன் நோயோ கொலைடிஸோ இருக்கிறவங்க, டாக்டரைக் கேட்காமல் நார்ச்சத்தைக் கூட்டவும் கூடாது, மருந்தை நிறுத்தவும் கூடாது. குடல் குறுகியிருந்தால் நார்ச்சத்தே அடைப்பை உண்டாக்கலாம். கிரோன் நோயைப் புரோபயாடிக் பாக்கெட் குணமாக்கும் என்பதற்கும் இதுவரை உறுதியான ஆதாரம் இல்ல.

தன் குடலை நல்லா கவனித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார் மெச்னிகோவ். அவர் போய் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவர் காட்டிய இடத்தைத்தான் விஞ்ஞானிகள் இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். துரத்தணும்னு அவர் நினைத்த கூட்டத்துக்குச் சாப்பாடு போடணும்னு இப்போ தெரிஞ்சிருக்கு. இன்னிக்கு மதியம் உங்க தட்டுல அதுக்கும் ஒரு கரண்டி காய் கூடுதலா வையுங்க.